ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை: 1.6 என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

ஆணுறை போட்டு ஒரே ஒரு முறை உறவு. சிலருக்கு அதுகூட இல்லை, முத்தமும் தொடுதலும் மட்டும்தான். இரண்டு நாள் கழித்து பயம் ஆரம்பிக்கிறது. இரவெல்லாம் கைப்பேசியில் தேடிவிட்டு, காலையில் லேபுக்குப் போய், "பால்வினை நோய்க்கு என்னென்ன டெஸ்ட் இருக்கோ எல்லாம் எடுத்துடுங்க" என்று ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார் ஒருவர். மறுநாள் ரிப்போர்ட் வருகிறது. எச்ஐவி நெகட்டிவ். சிபிலிஸ் நெகட்டிவ். ஹெபடைட்டிஸ் பி நெகட்டிவ். கடைசி வரியில், தடித்த எழுத்தில், எச்எஸ்வி-2 ஐஜிஜி 1.6, பாசிட்டிவ்.

இப்படி ஒரு தாள் கைக்கு வந்த பிறகு தூக்கம் போய்விடுகிறது. பேசி முடித்த கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாதக்கணக்கில் ஒதுங்கி இருப்பவர்களும் உண்டு. ஆனால் இவர் விஷயத்தில் அந்த 1.6 உண்மையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சு இல்லை இது, கணக்குப் போட்டே காட்டலாம். தவிர, அது உண்மையாகவே இருந்தாலும், இரண்டு நாளுக்கு முந்தைய அந்தச் சந்திப்பில் வந்ததாக இருக்கவே முடியாது.

ஏன் என்று புரிய, முதலில் அந்தப் பரிசோதனை எதைத் தேடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை. எச்எஸ்வி-1 பெரும்பாலும் உதட்டோரம் கொப்புளம் போடுவது. எச்எஸ்வி-2 பெரும்பாலும் பிறப்புறுப்பில் வருவது. நம் ஊரில் அக்கி என்று சொல்வது இவற்றின் உறவுக்கார வைரஸ் ஒன்றால் வருவது, சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ். அதற்கும் பாலுறவுக்கும் சம்பந்தமில்லை. எச்எஸ்வி இரண்டுமே உடம்புக்குள் நுழைந்தால் நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும், அவ்வப்போது எழுந்து வரும், முழுதாக வெளியேறாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணிப்பின்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு, அதாவது 64 சதவீதம் பேருக்கு, எச்எஸ்வி-1 இருக்கிறது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேருக்கு எச்எஸ்வி-2 இருக்கிறது. அது கிட்டத்தட்ட 13 சதவீதம்.

ரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸ் ரத்தத்தில் சுற்றிக்கொண்டும் இருப்பதில்லை. நம் உடம்பு வைரஸுக்கு எதிராக உண்டாக்கிய எதிர்ப்புரதங்களைத்தான் லேப் தேடுகிறது. இரண்டு வைரஸ்களும் பல புரதங்களில் ஒன்றுபோலவே இருப்பதால், ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்புரதம் இன்னொன்றோடும் ஒட்டும். கிளைக்கோபுரோட்டீன் ஜி என்ற ஒரு புரதம் மட்டும் இரண்டிலும் போதுமான அளவு வேறுபடுகிறது. வகை பிரித்துச் சொல்லும் பரிசோதனைகள் எல்லாம் அந்த ஒரு வேறுபாட்டை நம்பித்தான் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் "எச்எஸ்வி 1+2" என்று சேர்த்துப் போட்டிருந்தால் அது எந்த வகை என்றே சொல்லாது. நம்மில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் வகை ஏற்கெனவே இருப்பதால், அந்தச் சேர்ந்த ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் வருவது செய்தியே இல்லை.

எதிர்ப்புரதங்களில் ஐஜிஜி, ஐஜிஎம் என்று வகைகள் உண்டு. ரிப்போர்ட்டில் ஐஜிஜியோடு ஐஜிஎம் என்று இன்னொரு வரியும் இருக்கும். ஐஜிஎம் என்றால் புதுத் தொற்று, ஐஜிஜி என்றால் பழைய தொற்று என்று பள்ளிப் பாடம் போல நினைவில் வைத்திருப்போம். ஹெர்பிஸில் அது செல்லாது. பல வருடப் பழைய தொற்று திரும்ப எழும்போதும் ஐஜிஎம் பாசிட்டிவ் ஆகலாம், வகையையும் அது பிரித்துக் காட்டாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஐஜிஎம் பரிசோதனை வேண்டாம் என்று தன் வழிகாட்டுதலில் நேராகவே எழுதியிருக்கிறது. இருந்தும் இங்கே அது சாதாரணமாக எடுக்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு எழுதப்படும் டார்ச் பரிசோதனைத் தொகுப்பில் ஹெர்பிஸும் ஒன்று என்பதால், அந்த வழியாகவும் ஒரு ஐஜிஎம் பாசிட்டிவ் வீட்டுக்குள் வந்து கணவன் மனைவிக்கு நடுவே சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறது. ஐஜிஎம் வரியை மட்டும் வைத்து யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, ஐஜிஜிக்கு வருவோம். நடைமுறையில் நம்பிப் பேசக்கூடியது அது ஒன்றுதான். அதிலும்தான் சிக்கல்.

உலகம் முழுக்க அதிகம் ஆராயப்பட்ட எச்எஸ்வி-2 ஐஜிஜி பரிசோதனை ஹெர்ப்பிசெலக்ட். அது எலிசா என்ற, எதிர்ப்புரதத்தை அளந்து பார்க்கும் லேப் முறை. அது பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் சொல்வதில்லை, ஒரு எண்ணைத் தருகிறது. 0.9க்குக் கீழே என்றால் நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை இரண்டுங்கெட்டான், 1.1க்கு மேலே பாசிட்டிவ். ஆக 1.2 வந்தாலும் பாசிட்டிவ், 12 வந்தாலும் பாசிட்டிவ். தாளில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், ஆனால் இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

எவ்வளவு பெரிது என்று வெஸ்டர்ன் பிளாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெஸ்டர்ன் பிளாட் என்பது வைரஸின் பல புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து, ஒருவருடைய ரத்தம் அவற்றில் எதெதோடு ஒட்டுகிறது என்று பார்க்கும் முறை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகி வளர்ந்த அந்தச் சோதனையைத்தான் ஹெர்பிஸ் விஷயத்தில் உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், எலிசாவில் எச்எஸ்வி-2 பாசிட்டிவ் வந்தவர்களை வெஸ்டர்ன் பிளாட்டில் மறுபடி பார்த்தபோது, உறுதியானவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர்தான். எண் 1.1க்கும் 2.9க்கும் இடையில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால், உறுதியானது சுமார் 40 சதவீதம். 3க்கு மேல் போனவர்களில் சுமார் 79 சதவீதம். ஆக, 3 தாண்டினாலும் ஐந்தில் ஒருவருக்குத் தவறு. தவறான பாசிட்டிவ் அதிகம் வருவது ஏற்கெனவே எச்எஸ்வி-1 உள்ளவர்களுக்கு. சின்ன வயதிலேயே வாயில் எச்எஸ்வி-1 வந்துபோனவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏதோ ஒரு காரணத்தால் ஹெர்பிஸ் பரிசோதனைக்கு வந்தவர்கள். அவர்களிடையே தொற்று இருக்கும் வாய்ப்பே அதிகம். ஆணுறையோடு ஒரே ஒரு சந்திப்பு என்று பயந்து வருபவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. அவருக்கு அந்த 40 சதவீதமும் பொருந்தாது, அதைவிடக் குறையும். எவ்வளவு குறையும் என்பதுதான் இந்த விஷயத்தின் மையம், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடலாம்.

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு என்ற வல்லுநர் குழு, அறிகுறி இல்லாதவர்களுக்கு ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று ஆராய்ந்து 2016இல் முடிவு சொன்னது. அதற்காகப் பத்து ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தொற்று உள்ளவர்களில் 99 சதவீதம் பேரை இந்தப் பரிசோதனை கண்டுபிடித்துவிடுகிறது. தொற்று இல்லாதவர்களில் 81 சதவீதம் பேருக்குத்தான் சரியாக நெகட்டிவ் சொல்கிறது. மீதி 19 சதவீதம் பேருக்கு, இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிடுகிறது.

எச்எஸ்வி-2 16 சதவீதம் பேருக்கு இருக்கும் ஒரு சமூகத்தில் ஒரு லட்சம் பேருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்தால் என்ன ஆகும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். உண்மையான பாசிட்டிவ் 15,840. தவறான பாசிட்டிவ் 15,960. அதாவது பாசிட்டிவ் என்று தாள் வாங்குகிறவரில் பாதிப் பேருக்கு நோயே இல்லை.

இப்போது ஆபத்து குறைந்தவர்களுக்கு வருவோம். பேச்சுக்கு, இப்படிப்பட்ட 10,000 பேரில் ஒரு சதவீதம் பேருக்கு, அதாவது 100 பேருக்கு, எச்எஸ்வி-2 இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்த 100 பேரில் 99 பேரைப் பிடித்துவிடும். தொற்று இல்லாத 9,900 பேரில் 19 சதவீதம், அதாவது 1,881 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் சொல்லும். மொத்த பாசிட்டிவ் 1,980, அதில் உண்மை 99. இருபதில் ஒன்று. மீதிப் பத்தொன்பது பேர் இல்லாத நோய்க்காக அழுகிறார்கள்.

81 என்ற எண் கல்லில் செதுக்கியது இல்லை. உண்மையான அளவு 68க்கும் 90க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்று அதே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பரிசோதனைக்குச் சாதகமாக 90 என்றே வைத்துக்கொண்டாலும், நம் கணக்கில் தவறான பாசிட்டிவ் 990, சரியானது 99. பத்துக்கு ஒன்று. அதே லேப், அதே இயந்திரம், அதே மருந்துக் கலவை. ஆள் மாறும்போது பாசிட்டிவ் என்ற சொல்லின் எடை மாறிவிடுகிறது.

நெகட்டிவ் பக்கமும் பார்த்துவிடலாம். அந்த 10,000 பேரில் நெகட்டிவ் வருபவர்கள் 8,020 பேர், அவர்களில் உண்மையில் தொற்று இருப்பவர் ஒருவர். கேட்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பரிசோதனைக்குப் போகும் முன்னாலேயே அவர்களுக்குத் தொற்று இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 99 சதவீதம். பரிசோதனை அந்த 99ஐ 99.99 ஆக்குகிறது, பதிலுக்கு ஐந்தில் ஒருவரைத் தேவையில்லாத நரகத்தில் தள்ளுகிறது. இந்தப் பேரம் கட்டுப்படியாகாது என்றுதான் அந்தப் பணிக்குழு, அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையைப் பொதுவாக எடுக்க வேண்டாம் என்று 2016இல் சொன்னது. 2023இல் மறுபடி பார்த்துவிட்டு அதையே உறுதிப்படுத்தியது. சிடிசியும் அதே நிலைப்பாட்டில்தான் இருக்கிறது.

எச்ஐவிக்கு மட்டும் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்கிறார்களே என்று கேட்கலாம். எச்ஐவி பரிசோதனையின் தரமே வேறு. அதோடு, முதல் பாசிட்டிவை வைத்து யாருக்கும் எச்ஐவி என்று சொல்லிவிடுவதில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில், அறிகுறி இல்லாத ஒருவருக்கு வெவ்வேறு விதமான மூன்று பரிசோதனைகளிலும் பாசிட்டிவ் வந்தால்தான் முடிவு சொல்வார்கள். ஹெர்பிஸுக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஒரே ஒரு எலிசா, ஒரே ஒரு எண், அதுவும் பல நேரம் விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் நேராக வாட்ஸப்பில் வந்து விழுகிறது. ஒரு மனிதரின் தாம்பத்தியத்தையே பாதிக்கக்கூடிய விஷயத்தில் இது பெரிய அநியாயம்.

எப்போது எடுத்த ரத்தம் என்பது அடுத்த கேள்வி. தொற்று ஏற்பட்ட உடனே எதிர்ப்புரதம் வந்துவிடாது. சுமார் மூன்று வாரத்தில் பாதிப் பேருக்கு எலிசாவில் தெரியும் அளவுக்கு உருவாகியிருக்கும், மற்றவர்களுக்கு அதைவிட நாளாகும். சமீபத்தில் தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் எடுத்த பரிசோதனை நெகட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறது சிடிசி. அதனால் முதல் வாரத்தில் வரும் நெகட்டிவை வைத்து அந்தச் சந்திப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. முதல் வாரத்தில் வரும் பாசிட்டிவோ அந்தச் சந்திப்பைப் பற்றியதே இல்லை. ஒன்று, அது பழைய தொற்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தவறான பாசிட்டிவாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணையோ ஆணையோ குற்றம் சொல்ல அதில் இடமே இல்லை. 12 வாரம் கழித்து வந்த பாசிட்டிவும், தொற்று எப்போது வந்தது என்று சொல்லாது. பத்து வருடத்துக்கு முந்தையதாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் எச்எஸ்வி-2 இருப்பவர்களில் 87 சதவீதம் பேருக்கு யாரும் அப்படியொரு நோய் இருப்பதாகச் சொன்னதே இல்லை என்று அங்குள்ள தேசியக் கணக்கெடுப்பு காட்டுகிறது. பலருக்கு அறிகுறியே வராமல், அல்லது வந்ததும் தெரியாமல், போய்விடுகிறது.

வாய்வழி உறவுக்குப் பிறகு பயப்படுபவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். ஒருவர் வாயால் இன்னொருவர் பிறப்புறுப்பைத் தொடும்போது பரவக்கூடியது பெரும்பாலும் எச்எஸ்வி-1, ஏனென்றால் வாயில் குடியிருப்பது அதுதான். எச்எஸ்வி-2 வாயில் இருப்பது அபூர்வம். ஆகவே அவர் கவலைப்படும் வழியில் எச்எஸ்வி-2 வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் லேபில் பெரும்பாலும் பாசிட்டிவ் என்று மிரட்டுவது அந்த வரிதான். எச்எஸ்வி-1 வரியைப் பார்த்தால் அங்கே வேறு பிரச்சினை. பாசிட்டிவ் வந்தால், அது உதட்டிலா, பிறப்புறுப்பிலா, ஐந்து வயதில் பாட்டி கொடுத்த முத்தத்தில் வந்ததா, போன மாதம் வந்ததா என்று ரத்தம் சொல்லாது. நெகட்டிவ் வந்தாலும் முழுதாக நம்ப முடியாது. முன்னால் சொன்ன அதே 2017 ஆய்வில், எச்எஸ்வி-1 உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேரை எலிசா தவறவிட்டது. ஏற்கெனவே எச்எஸ்வி-1 உள்ளவருக்கு அதே வகை வேறு இடத்தில் புதிதாகத் தொற்றுவது அரிது என்பது மட்டும் இதில் ஓர் ஆறுதல்.

ஆபத்து குறைவு என்று நான் சொல்வது எதை? கையால் தொடுவது, உடை மேல் உரசுவது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது ஆகியவற்றில் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வருவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஆணுறையோடு ஒரு முறை உறவு என்றால் ஆபத்து பூஜ்யம் இல்லை, ஏனென்றால் ஆணுறை மூடாத தோலிலிருந்தும் வைரஸ் வெளிவரலாம். ஆனால் அடுத்தவருக்கு எச்எஸ்வி-2 இருக்க வேண்டும், அன்றைக்கு வைரஸ் வெளிப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆணுறை மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும், அது உங்கள் தோலில் நுழைய வழி கிடைக்க வேண்டும். எச்எஸ்வி-2 உள்ளவர்களைத் தினமும் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வந்தது. அறிகுறி வந்த வரலாறு உள்ளவர்களிடம் சுமார் 20 சதவீத நாட்களிலும், அறிகுறியே வராதவர்களிடம் சுமார் 10 சதவீத நாட்களிலும்தான் வைரஸ் வெளிப்பட்டது. இத்தனையும் ஒரே நாளில் ஒன்றுகூடுவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது.

அந்த அரிய வாய்ப்பில் உண்மையாகவே தொற்றிவிட்டால்? உடம்பு சொல்வதைக் கவனிப்பது ரத்தத்தைவிட மேல். அறிகுறி வருவதானால் பொதுவாக 2 முதல் 12 நாளுக்குள் வரும். சிறு சிறு நீர்க் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, உடைந்து, வலிக்கும் புண்ணாகும். முதல் முறை என்றால் காய்ச்சல், உடம்பு வலி, தொடை இடுக்கில் நெறி கட்டுவது எல்லாம் சேர்ந்து வரலாம். அப்படி ஏதாவது வந்தால் காத்திருக்காமல், முடிந்தால் 48 மணி நேரத்துக்குள், தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரிடம் காட்டி, புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து பிசிஆர் செய்யச் சொல்லுங்கள். அது வைரஸையே தேடுகிறது, எந்த வகை என்றும் சொல்கிறது, புண் எங்கே என்பது கண் முன்னால் இருக்கிறது. புண் காய்ந்த பிறகு நெகட்டிவ் வந்தால் அதை நம்ப முடியாது.

புண் எதுவும் இல்லாமல் கூச்சம், எரிச்சல், குத்தல் மட்டும் இருப்பதாகப் பலர் சொல்வார்கள். பயம் பிடித்த பிறகு உடம்பின் அந்தப் பகுதியை ஒரு நாளைக்கு இருபது முறை கண்ணாடி வைத்துப் பார்க்கிறவருக்கு, இதுவரை கண்ணில் படாத மயிர்க்கால் வீக்கம், ஷேவ் செய்த சிராய்ப்பு, பிறவியிலேயே இருந்த சிறு எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகள் எல்லாம் புதிதாகத் தெரியும். மருத்துவர் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு லேபுக்கு நேராகப் போவதால்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையங்கள் இருக்கின்றன. அங்கே ஹெர்பிஸ் புண் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்தால், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் சிவப்பு நிற மருந்துப் பையைக் கொடுப்பார்கள், உள்ளே அசைக்ளோவிர் மாத்திரை இருக்கும். அந்த முறையில் ஐஜிஜிக்கு வேலையே இல்லை. போக முடியாதவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

அப்போது இந்த ரத்தப் பரிசோதனை யாருக்குத்தான்? உபயோகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணவனுக்கோ மனைவிக்கோ ஹெர்பிஸ் இருப்பது உறுதியாகி, மற்றவருக்கும் இருக்கிறதா என்று தெரிய வேண்டியிருக்கும்போது அது தேவை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் புண் வந்து, பிசிஆர் நெகட்டிவாகவே இருக்கும் ஒருவருக்குத் தேவை. துணைக்கு ஹெர்பிஸ் உள்ள கர்ப்பிணிக்கு மிகவும் தேவை, ஏனென்றால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால் பிரசவத்தில் குழந்தைக்கு ஆபத்து. இவர்கள் எல்லோருக்கும் ஆரம்ப வாய்ப்பே அதிகம், அதனால் பாசிட்டிவுக்கு எடையும் அதிகம்.

ஏற்கெனவே பரிசோதனை எடுத்து, கையில் 1.6 வைத்திருப்பவர் இப்போது என்ன செய்வது? முதலில் தாளில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பாசிட்டிவ் என்று மட்டும் இருந்தால் லேபில் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. எந்தக் கம்பெனி கிட், அதன் எல்லை எண் என்ன என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் எல்லா கிட்டுக்கும் அளவுகோல் ஒன்றல்ல. எண் குறைவாக, 3க்குக் கீழே இருந்தால், அதை நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், முடிவு தெரியாத ரிப்போர்ட் என்றே வையுங்கள். சந்திப்பிலிருந்து 12 வாரம் முடிந்த பிறகு, வேறு முறையில் செய்யும் இரண்டாவது பரிசோதனை ஒன்றை எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு வெவ்வேறு முறையில் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதுதான் சிடிசியின் 2021 வழிகாட்டுதல். அதே எலிசாவை அதே லேபில் மறுபடி எடுப்பது இரண்டாவது பரிசோதனை ஆகாது, முதல் முறை எது ஏமாற்றியதோ அதுவே மறுபடியும் ஏமாற்றும். எண் ஏறாமல் 1.5, 1.7 என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால், புதுத் தொற்று என்பதற்கு அது எதிரான அடையாளம்தான். உண்மையான புதுத் தொற்றில் வாரங்கள் போகப் போக எண் ஏறுவதே வழக்கம். உறுதியாகும் வரை வீட்டில் யாரிடமும் "எனக்கு ஹெர்பிஸ்" என்று அறிவிக்க வேண்டியதில்லை, அந்தக் காலத்துக்கு ஆணுறை போதும். உறுதியாகாமலே அசைக்ளோவிர் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கவும் வேண்டாம்.

சிலருக்கு இரண்டாவது பரிசோதனையிலும் உறுதியாகும். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்த வைரஸ் உலகத்தில் அரைக் கோடிப் பேருக்கு மட்டும் உள்ள விசித்திரம் இல்லை, 52 கோடிப் பேரிடம் இருப்பது. பெரும்பாலானவர்கள் குடும்பம் நடத்தி, குழந்தை பெற்று, தெரியாமலே வாழ்கிறார்கள். துணைக்குப் பரவுவதையும் குறைக்க முடியும். ஒருவருக்கு எச்எஸ்வி-2 இருந்து மற்றவருக்கு இல்லாத 1,484 ஜோடிகளை எட்டு மாதம் கவனித்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. தொற்று உள்ளவர் தினமும் வாலசைக்ளோவிர் சாப்பிட்ட ஜோடிகளில் மற்றவருக்குத் தொற்றியது 1.9 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்ட ஜோடிகளில் 3.6 சதவீதம். மருந்தே இல்லாமல் எட்டு மாதம் சேர்ந்து வாழ்ந்த ஜோடிகளிலும், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் தொற்றவே இல்லை.